யாருடைய அமைதி? போலந்தைப் பங்குபோட்ட அதிகாரச் சமநிலை

வல்லரசுகளின் பலம் சமமாக இருந்தால் போர் வராது என்று பன்னாட்டு அரசியல் பாடத்தில் படிக்கிறோம். அது முழுப் பொய்யல்ல. ஆனால் அந்தச் சமநிலைக்கு விலை கொடுத்தது யார்? போலந்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

1768-இல் தொடங்கிய போரில் ரஷ்யா துருக்கியை அடுத்தடுத்து வென்றது. ரஷ்யாவின் கை ஓங்குகிறதே என்று ஆஸ்திரியா அஞ்சியது. இரண்டும் மோதினால் தானும் போருக்குள் இழுக்கப்படுவோம் என்று பிரஷ்யா அஞ்சியது. மூன்று அரசுகளும் ஒரு வழி கண்டன: அந்தப் போரில் தோற்காத போலந்தில் ஆளுக்கொரு துண்டு. 1772-இல் போலந்து தன் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தது. ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்கும் கூட வேண்டும், அதுதான் சமநிலை. 1793, 1795 பங்கீடுகளுக்குப் பிறகு அந்த நாடே வரைபடத்தில் இல்லை. மீண்டும் தனிநாடானது 1918-இல்தான்.

1814-15 வியன்னா மாநாட்டிலும் இதே கணக்குதான். போலந்தும் சாக்சனியும் யாருக்கு என்ற சண்டை முற்றியது. 1815 ஜனவரியில் பிரிட்டன், ஆஸ்திரியா, பிரான்ஸ் மூன்றும் ரஷ்யாவுக்கும் பிரஷ்யாவுக்கும் எதிராக ரகசிய ஒப்பந்தம் போட்டன. ஆனால் போர் வரவில்லை. இரண்டு நிலங்களையும் வெட்டிப் பிரித்துச் சமாதானமானார்கள். 1815-க்குப் பின் 1853-இல் கிரிமியப் போர் தொடங்கும்வரை இந்த வல்லரசுகள் தங்களுக்குள் மோதவில்லை. அந்த அமைதிக் காலத்தில்தான், 1830-இல் எழுந்த போலந்து மக்களை ரஷ்யப் படை நசுக்கியது. மற்ற வல்லரசுகள் படை அனுப்பவில்லை.

இன்னொரு உண்மையையும் நாம் மறைக்கக் கூடாது. போலந்து என்றால் அதன் பிரபுக்கள் மட்டுமல்ல. அவர்களின் நிலத்தில் கட்டாய வேலை செய்த பண்ணையடிமைகளும்தான். 1794 எழுச்சியில் ராக்லவீட்ஸே களத்தில் விவசாயிகள் புல்லறுக்கும் நீண்ட அரிவாள்களை ஆயுதமாக ஏந்தி ரஷ்யப் பீரங்கிகளைக் கைப்பற்றினார்கள். தலைவர் கோஸ்கியுஸ்கோ அவர்களுக்குத் தனிமனித விடுதலையை அறிவித்தார். கட்டாய வேலையைக் குறைத்தார். நிலப்பிரபுக்கள் பலர் அதைச் செயல்படுத்த மறுத்தார்கள். நாடு பறிபோகும் வேளையிலும் அவர்களுக்குத் தங்கள் வயலில் இலவச உழைப்பு வேண்டியிருந்தது.

எனவே தோழர்களே, ‘நிலைத்தன்மை’ என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு கேள்விகள் கேட்போம். மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? மேசைமேல் துண்டு போடப்படுவது யாருடைய நிலம், யாருடைய உழைப்பு? இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் எழுதப்படும் அமைதியின் வரலாறு, பங்கு பிரித்தவர்களின் வரலாறாகவே இருக்கும்.