கிள்ளை மரியாதை பிறந்த கதை

பிச்சாவரம் பார்க்க வருகிறவர்கள் சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக நேரே படகுத்துறைக்குப் போய்விடுகிறார்கள். சுரபுன்னைக் காட்டுத் திட்டுகளுக்கு இடையே படகில் சுற்றி, 1975-இல் வந்த ‘இதயக்கனி’ படத்தை எடுத்த இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஊர் திரும்புகிறார்கள். மாசி மகத்தன்று மட்டும் அப்படிப் போய்விடக் கூடாது. கிள்ளையை ஒட்டிய தைக்காலிலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

அன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் கடலாட வருகிறார். ஏறக்குறைய 50 கிலோமீட்டர், புவனகிரி வழியாக. தானாகத் தோன்றியவை என்று வைணவர்கள் போற்றும் எட்டுத் தலங்களில் ஒன்று ஸ்ரீமுஷ்ணம். இரணியாட்சன் கடலுக்கடியில் கொண்டுபோன பூமியைப் பன்றி உருவில் மீட்டுவந்த பெருமாள் அங்கே இடுப்பில் கை வைத்து, உடல் மேற்கே பார்க்க, முகத்தை மட்டும் தெற்கே திருப்பி நிற்கிறார். பன்றி மண்ணைக் கிளறித் தின்னும் கோரைக்கிழங்குதான் அவருக்கு விசேஷ நைவேத்தியம். காயவைத்து இடித்த கிழங்கு மாவில் சர்க்கரையும் நெய்யும் சேர்த்து உருண்டையாகப் பிடிக்கிறார்கள். வாயில் போட்டால் இனிப்புக்கு முன்னால் கிழங்கின் மண்வாசனை வரும். குதிரைவீரர்கள் பாயும் 16 கால் மண்டபத்தைப் பார்க்கக் கோயிலுக்கு வருகிறவர்கள் இந்த உருண்டையையும் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும்.

கடலிலிருந்து பூமியைத் தூக்கிவந்தவர் இருப்பதோ கடலுக்கு வெகு தொலைவில். ஆண்டுக்கொரு முறை அவர் கடலுக்குப் போவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது கடல் அல்ல, தைக்கால்தான். அங்கே சையது ஷா ரஹ்மத்துல்லா தர்கா இருக்கிறது. பெருமாள் வந்ததும் தர்காவிலிருந்து மேளதாளத்தோடு தட்டுகள் புறப்படுகின்றன. பட்டும் மாலையும் தேங்காயும் பழமும் பெருமாளுக்குப் போகின்றன. பட்டு சாத்தித் தீபாராதனை ஆனதும் கோயில் மாலையும் பிரசாதமும் தர்காவுக்கு வருகின்றன. அங்கே பாத்தியா ஓதிச் சர்க்கரை வழங்குகிறார்கள்.

இந்த மரியாதை பிறந்ததற்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. தீராத நோயில் கிடந்த நவாபு ஒருவருக்கு, கடலுக்குப் போகும் வழியில் பெருமாளின் தீர்த்தமும் பிரசாதமும் கொடுத்தார்களாம். நோய் நீங்கிய நவாபு பெருமாளுக்கு நிலம் எழுதிவைத்தார் என்பது ஒரு கதை. தாசில்தாராக இருந்த உப்பு வெங்கட்ராயர் தர்காவுக்கு நிலம் கொடுத்தார், அந்த நன்றிக்காகவே தர்காவின் வரவேற்பு என்பது மற்றொன்று. ஒன்றில் முஸ்லிம் கொடுத்த நிலம் பெருமாளுக்கு, மற்றதில் இந்து கொடுத்த நிலம் தர்காவுக்கு. எது முந்தியது என்று மல்லுக்கட்ட எனக்கு மனமில்லை. இரண்டிலும் கைமாறியது நிலம் என்பதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். பொன்னும் பணமும் கொடுத்த கையோடு தீர்ந்துவிடும். நிலம் ஆண்டுதோறும் விளையும், விளைச்சல் வரும்போதெல்லாம் கொடுத்தவர் நினைவுக்கு வருவார், வாங்கியவருக்கும் செய்யவேண்டிய கடமை ஒன்று நிற்கும். கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் போய்ச் சேர்ந்த பிறகும் பட்டுத்தட்டு புறப்படுகிறது என்றால், வெறும் நல்லெண்ணத்தால் மட்டும் அது நடந்துவிடவில்லை. செலவுக்கு வழி செய்துவைத்தவர்களின் முன்யோசனையும் அதில் இருக்கிறது. மத நல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஏற்பாட்டை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

தைக்காலிலிருந்து பெருமாள் முழுக்குத்துறைக் கடற்கரைக்குப் போகிறார். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளும் அங்கே வந்து கூடுகின்றன. கரையில் ஒருபக்கம் முன்னோருக்குத் தர்ப்பணம், மறுபக்கம் பலூன் கடையும் பொரிகடலையும். தீர்த்தவாரி முடிந்து திரும்பும் வழியிலும் ஊர் ஊராக மண்டகப்படி இருப்பதால் பெருமாள் ஸ்ரீமுஷ்ணம் போய்ச்சேர நாளாகும்.