அம்பலம்: இடம், ஆள், செய்தி

ஊழல் அம்பலம், மோசடி அம்பலம், குட்டு அம்பலம். இன்றைய நாளிதழ்த் தமிழில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலை அநேகமாக இல்லை. ஆனால் அம்பலம் முதலில் ஓர் இடம். ஊர் கூடுவதற்கென்று விட்ட பொது இடம். ஒரு சேதி ஊரறிய வேண்டுமென்றால் அங்கேதான் அது பேசப்பட வேண்டும். அங்கே வந்துவிட்டால் பிறகு மறைக்க முடியாது. 'வெளிப்பட்டது' என்ற பொருள் அந்த வழியில் வந்ததுதான்.

சங்க நூல்களில் இதற்கு மன்றம், பொதியில் என்று பெயர். பொதியில் என்றால் பொது இல். பட்டினப்பாலை காட்டும் பொதியிலில் பெண்கள் தரையை மெழுகிப் பூவிட்டு, அந்தியில் விளக்கேற்றுகிறார்கள். அங்கே நட்டிருக்கும் தூணைப் பலர் தொழுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் அங்கேயே தங்குகிறார்கள். அந்நியருக்கும் இடம் உண்டு என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. அம்பலத்தில் தண்ணீர் வைப்பவருக்கு நிலம் விட்ட செய்தியைப் பழைய கல்வெட்டுகளில் காணலாம்.

பின்னால் சொல் திசைக்கொன்றாகப் போயிற்று. கேரளத்தில் அம்பலம் என்றால் கோயில். சிங்களத்தில் 'அம்பலம' வழிப்போக்கர் தங்கும் மடம். இலங்கையின் கடுகண்ணாவையில் சாலையோரம் ஒன்றை இன்றும் பார்க்கலாம். ஊர் வழக்குகளையும் அப்படிப்பட்ட மடங்களில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். தமிழில் கூத்தனான சிவன் ஆடும் இடங்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன: சிதம்பரத்தில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம்.

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கம் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே அம்பலம் என்பது ஓர் ஆள். "அம்பலம் வந்துட்டாரா?" என்று கேட்டால் ஊர்த்தலைவரான அம்பலக்காரர் வந்தாரா என்று பொருள். கூடும் இடத்துக்குப் பெயர் மந்தை. பொது இடத்தின் பெயரை ஒரு சாதியின், ஒரு குடும்பத்தின் பட்டமாக்கிவிட்டால் அங்கே யார் பேசலாம் என்பதும் அத்தோடு முடிவாகிவிடுகிறது. மந்தையில் துண்டைப் போட்டு உட்கார்ந்தவர்கள் ஆண்கள்; பெண்கள் ஓரத்தில் நின்றார்கள்; தலித்துகளுக்கு அந்த ஓரமும் இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்ற பழமொழி வேறு எங்கிருந்து பிறந்திருக்கும்?

1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபையைக் கொண்டுவந்தன. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அதில் பேசலாம். மத வளாகம் எதிலும் சபையைக் கூட்டக் கூடாது என்று அரசு நெறிமுறை சொல்கிறது. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஆனால் சட்டம் வந்ததும் மந்தை மாறிவிடவில்லை. மேலூர் வட்டத்து மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்வான முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று சாதி வெறியர்கள் வெட்டிக் கொன்றார்கள். அம்பலத்தின் வரலாற்றை எழுதும் எவரும் அந்த நாளைத் தாண்டிப் போக முடியாது.

இதற்கிடையே ஊரும் மாறிக்கொண்டிருந்தது. பெரியாற்றுக் கால்வாய் பாய்ந்த நெல்வயல்களுக்கு நடுவே கிரானைட் குவாரிகள் குன்றுகளைக் கட்டி கட்டியாக அறுத்தன. நான்குவழிச் சாலை வந்தது. 2024 நவம்பர் 7 அன்று, மேலூர்ப் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு விட்ட ஏலத்தின் முடிவு வெளியானது. சுமார் 5,000 ஏக்கர். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் அதற்குள் வந்தது.

நவம்பர் 23 அன்று அரிட்டாபட்டி கிராம சபை சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. சுற்று ஊர்களிலும் அதே பேச்சு. பெண்கள் இப்போது ஓரத்தில் நிற்கவில்லை. நடுவில் உட்கார்ந்து பேசினார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்தை நோக்கித் திரண்டு போனார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.