மைனர் செவன்த் ஓபன் ட்யூனிங்

எந்தக் கட்டையையும் அழுத்தாமல் கிட்டாரின் ஆறு தந்திகளையும் மீட்டினாலே மைனர் செவன்த் கார்டு ஒலிக்கும்படி சுருதி சேர்க்கும் முறை. வழக்கமான சுருதியில் தந்திகள் இ, ஏ, டி, ஜி, பி, இ. ஐந்தாம் தந்தியான ஏயை இரண்டு அரைச்சுரம் இறக்கி ஜி ஆக்கினால் போதும்: இ, ஜி, பி, டி மட்டும் மிஞ்சும்.

இயைச் சட்ஜமாகக் கொண்டால் இவை ச, சாதாரண காந்தாரம், ப, கைசிகி நிஷாதம். இறக்குவதற்கு முன்பிருந்த ஏ, சுத்த மத்திமம். ஆக, சாதாரண கிட்டாரின் வெறுந்தந்திகளிலேயே சுத்த தன்யாசி ராகத்தின் ஐந்து சுரங்களும் இருக்கின்றன. கிட்டார்க்காரர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஏயை ஜி ஆக்கிய பின் ஆறாம் தந்தியை விட்டு மீட்டினால் அந்தச் சுருதி ஜி சிக்ஸ்த் கார்டாகக் கேட்கும். ஒரே விரலைக் குறுக்கே வைத்தால் மூன்றாம் கட்டையில் ஜி மைனர் செவன்த், ஐந்தாம் கட்டையில் ஏ மைனர் செவன்த்.

வீணையும் திறந்த சுருதிக் கருவிதான். ஆனால் அதன் நான்கு வாசிப்புத் தந்திகளும் மூன்று தாளத் தந்திகளும் சட்ஜ பஞ்சமங்களோடு நின்றுவிடுகின்றன. காந்தாரமும் நிஷாதமும் வெறுந்தந்தியில் இல்லாததால் தோடி முடித்துக் கல்யாணிக்குப் போக முறுக்காணியைத் தொட வேண்டாம். மைனர் செவன்த் சுருதியில் கல்யாணி வாசித்தால் வெறுந்தந்தி ஜி அந்தர காந்தாரத்தோடு உரசும். கரகரப்பிரியாவும் நடபைரவியும் இயல்பாக அமரும்.