இளவேனிலில் என்ன படிக்கலாம்?

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். மொட்டை மாடியில் வடாம் காயும். கீழே அறையில் நான் புத்தகப் பட்டியல் போடுவேன். வடாம் வருஷம் முழுவதும் உதவுகிறது. என் பட்டியலோ சித்திரை முடிவதற்குள் ஏதாவது ஒரு புத்தகத்தின் நடுவே அடையாளத் தாளாகச் செருகப்பட்டு, அந்தப் புத்தகத்தோடு சேர்ந்து அலமாரிக்குள் போய்விடும். "பட்டியல் போடுகிற நேரத்தில் ஒரு புத்தகத்தைப் படித்துவிடலாமே" என்று என் மனைவி சொல்லாத பங்குனி கிடையாது.

இந்த வருஷப் பட்டியல் அப்படி அல்ல. அதற்குக் காரணம் ஒரு தபால் கார்டு.

என் நாவல் ஒன்றில், சித்திரை மாதத்து உச்சி வெயிலில் கீழமாசி வீதியில் நடந்து போகும் ஒருவன், "இந்த மாதிரி ஒரு சித்திரையில்தான் கண்ணகி இந்த ஊரை எரித்திருப்பாள்" என்று நினைத்துக்கொள்வான். எழுதும்போது எனக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது. பத்திரிகையில் வந்தபோது வாசகர் சிலரும் பாராட்டினார்கள். பிறகு புத்தகமாக வந்தது. அதற்குப் பிறகுதான் கார்டு வந்தது. எழுதியவர் திருமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எண்பது வயதைத் தாண்டியவர். கையெழுத்து மட்டும் இன்னும் நடுங்கவில்லை. மூன்றே வரிகள்: "தம்பி, மதுரை எரிந்தது சித்திரையில் அல்ல, ஆடியில். மதுராபதித் தெய்வமே நாளைச் சொல்லியிருக்கிறாள். சிலப்பதிகாரத்தைக் கடைசியாக எப்போது படித்தீர்கள்?"

ஆடி மாதம், தேய்பிறை, அஷ்டமி, வெள்ளிக்கிழமை. கட்டுரை காதையில் எல்லாம் இருக்கிறது. நான் பார்க்கவில்லை.

கடைசியாக எப்போது படித்தேன் என்ற கேள்விக்குத்தான் என்னால் பதில் எழுத முடியவில்லை. கல்லூரியில் இரண்டே வருஷம் இருந்தவன் நான். அப்போது வழக்குரை காதை பாடமாக இருந்தது, பரீட்சைக்காக உருப்போட்டேன். அதற்குப் பிறகு கண்ணகியை நான் சந்தித்தது மேடைப் பேச்சுக்களிலும் சினிமாவிலும்தான். 1942-ல் வந்த 'கண்ணகி'யையும் 1964-ல் வந்த 'பூம்புகா'ரையும் பார்த்தவனுக்குக் கதை தெரியாமல் இருக்குமா? கதை தெரியும். நூல் தெரியாது. இருபது வருஷமாகத் தமிழில் எழுதிப் பிழைக்கிறவன் இதை அச்சில் ஒப்புக்கொள்வது சுலபமல்ல.

இந்த வெட்கத்தில் எனக்கு ஒரு பெரிய துணை உண்டு. 1880-ஆம் வருஷம் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை, அங்கே கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத் தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போனார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்காகப் பாடம் கேட்டவர் அவர். பட்டியல் சிறிதாக இருக்குமா? முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்கிற தோரணையில் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை.

ஆனால் ஐயருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர் படிக்காததற்குக் காரணம் புத்தகம் இல்லாமை. நான் படிக்காததற்குக் காரணம் புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருந்தமை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அவர் ஊர் ஊராக ஏடு தேடினார். சிந்தாமணி 1887-ல் வந்தது. அதே வருஷம் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சிட்டார். 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை, 1903-ல் ஐங்குறுநூறு, 1918-ல் பரிபாடல். இன்று நான் அலட்சியமாகத் தாளில் எழுதுகிற பெயர்கள் எல்லாம், என் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒருவன் பட்டியலில் எழுதியிருக்க முடியாத பெயர்கள். எழுதினாலும் எங்கே போய் வாங்குவான்?

எங்கே போய் வாங்குவது என்ற சங்கடம் இந்த மதுரையிலேயே ஒருவருக்கு ஏற்பட்டதாகச் சொல்வார்கள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் ஒரு சமயம் இங்கே சொற்பொழிவுக்கு வந்திருந்தார். திருக்குறளும் கம்பராமாயணமும் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஊரெல்லாம் விசாரித்தும் கைக்குக் கிடைக்கவில்லையாம். பாண்டியன் சங்கம் வளர்த்த ஊரில் குறளுக்குப் பஞ்சம்! வேறொருவராக இருந்தால் மேடையில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போயிருப்பார். தேவர் 1901-ஆம் வருஷம் செப்டம்பர் 14-ஆம் தேதி மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதோடு பாண்டியன் புத்தகசாலை, சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, அச்சுக்கூடம், 'செந்தமிழ்' பத்திரிகை எல்லாம் வந்தன. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' என்ற மகா அகராதியை 1910-ல் சங்கம் வெளியிட்டது. மறு வருஷமே தேவர் காலமாகிவிட்டார். நாற்பத்து நான்கு வயது. அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் நான் என்ன செய்திருக்கிறேன் என்று கணக்குப் பார்க்காமல் இருப்பது நல்லது.

அந்தச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படிகளாகப் பரீட்சை வைத்தது. பரீட்சை என்றால் பாடத்திட்டம். பாடத்திட்டம் என்பதும் ஒருவகைப் பட்டியல்தானே? சம்பளமில்லாமல் ஊரில் இருந்தபடியே அதைப் பின்பற்றிப் படித்துத் தமிழாசிரியர் ஆனவர்கள் பலர். கார்டு போட்ட பெரியவர்கூட அப்படிப்பட்ட ஒருவரிடம் பாடம் கேட்டவராம். அந்தப் பிடிப்பு அவருடைய மூன்று வரியில் தெரிந்தது.

சரி, நம் பட்டியலுக்கு வருவோம். இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். எந்த நூலிலே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு கலித்தொகையைப் புரட்டியபோது, பாலைக் கலியில் ஒரு பாட்டு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தலைவன் பொருள் தேடப் போயிருக்கிறான். வசந்தம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. தலைவி தோழியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி ஏங்குகிறாள். அவற்றில் ஒன்று இது: மாட மதுரையின் மக்கள், புலவர் நாவிலே பிறந்த புதிய சொல்லை விருந்து போல உண்டு மகிழும் காலமல்லவா இது, இப்போதுகூட அவர் நம்மை நினைக்க மாட்டாரா என்கிறாள்.

நேயர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். குயில் கூவுவதும் மாந்தளிர் துளிர்ப்பதும் எந்த ஊர் வசந்தத்துக்கும் பொது. இந்த ஊருக்கு மட்டும் வசந்தத்தின் அடையாளம் புதுக் கவிதை. மல்லிகை வருகிற பருவத்தில் இங்கே புதுப் பாட்டும் வந்திருக்கிறது. ஜனங்கள் அதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள். ஒரு பெண் தன் துயரத்தைச் சொல்லும்போது அதைப் போகிற போக்கில் சொல்கிறாள் என்றால், கேட்கிறவளுக்கு அது தெரிந்த சங்கதியாக இருந்திருக்க வேண்டும். நான் பங்குனியில் பட்டியல் போடுவது என் சொந்தப் பைத்தியம் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தேன்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய புது மண்டபத்துக்கு வசந்த மண்டபம் என்று பெயர். வைகாசியில் அம்மனும் சுவாமியும் அங்கே எழுந்தருளி வசந்த உற்சவம் கொண்டாடுவதற்காகவே கட்டியது. நடு மேடையைச் சுற்றிலும் கல்லிலே அகழி. அதில் நீர் நிரப்பினால் வெயில் காலத்தில் மண்டபம் குளிர்ந்திருக்கும். அந்த மண்டபத்தில்தான் வெகுகாலம் வளையலுக்கும் தையற்காரர்களுக்கும் நடுவே புத்தகக் கடைகள் இருந்தன. பஞ்சாங்கம், பள்ளிக்கூடப் புத்தகம், பெரிய எழுத்துக் கோவலன் கதை எல்லாம் அங்கே கிடைக்கும். கடைகளை இப்போது குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அது நல்லதுதான். ஆனாலும் தூண்களில் யாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, முழங்காலிட்டு உட்கார்ந்து பழைய புத்தகம் கிளறிய சுகம் வேறு எங்கும் வராது. 2023-ல் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெரிய கட்டடம். குளிர்சாதன வசதி உண்டு. அகழித் தண்ணீருக்கு அது பரவாயில்லாத பதில்.

பட்டியலில் முதலாவது, ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய இளவேனிற் பத்து. பத்தே பாட்டு. பொழுது வந்துவிட்டது, அவர் வரவில்லை என்பதையே பத்து விதமாகச் சொல்வது. ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை சொல்லி அலுக்காமல் செய்வது எப்படி என்று தொடர்கதை எழுதுகிறவர்கள் அங்கே போய்த் தெரிந்துகொள்ளலாம்.

அதற்குப் பிறகு சிலப்பதிகாரம். இதை நான் நாள் பார்த்துப் படிக்கப் போகிறேன். பெரியவரின் கார்டு கொடுத்த யோசனை இது. புகாரில் இந்திர விழாவின் கொடி ஏறுவது சித்திரை நட்சத்திரம் கூடிய சித்திரைப் பௌர்ணமியன்று. அதே பௌர்ணமியில்தான் இங்கே அழகர் ஆற்றில் இறங்குகிறார். விழா இருபத்தெட்டு நாள் நடப்பதாக மணிமேகலை சொல்லும். ஆகவே அழகரைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரியில் இந்திர விழவூரெடுத்த காதையைத் திறந்தால், கடலாட்டும் கானல்வரியும் அந்த ஊடலும் வைகாசியில் தாமே வந்து சேரும். வேனிற் காதை அதை ஒட்டியே வருகிறது. மாதவி தாழை மடலில், பித்திகை அரும்பையே எழுத்தாணியாக்கிக் கடிதம் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். அந்தக் கடிதத்தை அவன் வாங்கிப் பிரித்திருந்தால் மதுரை எரிந்திருக்காது. திருப்பி அனுப்பப்பட்ட கடிதங்களைப் பற்றி எழுத்தாளனுக்குச் சொல்ல வேண்டுமா?

பிறகு நடை. காவுந்தி அடிகளோடு உறையூர் தாண்டி வரும்போது, மாங்காட்டு மறையோன் மதுரைக்கு மூன்று வழி சொல்கிறான். வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டியது. இடப்பக்க வழி திருமால்குன்றத்தை, அதாவது நம் அழகர்மலையை ஒட்டியது. அவர்கள் நடு வழியில் வருகிறார்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டு பாலையாகிப் போன நிலம். பகலில் கண்ணகியால் நடக்க முடியாமல் இரவில் நடக்கிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் மேலூர்ச் சாலையில் பஸ் பழுதாகி ஒரு மணி நேரம் நின்றவன் நான். பகல் நடை ஏன் முடியவில்லை என்பதற்கு எனக்கு உரை தேவையில்லை.

இந்தத் தேதிக் கணக்கு விளையாட்டு எனக்கு முன்னால் பெரியவர்கள் ஆடியதுதான். உரையாசிரியர் அடியார்க்குநல்லார் நாள் கணக்கில் புகுந்திருக்கிறார். பிற்பாடு சென்னைச் சட்டசபைத் தலைவராக இருந்த எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை வான சாஸ்திரக் கணக்குப் போட்டு, மதுரை எரிந்த வருஷம் கி.பி. 756 என்றார். வரலாற்று அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நூலின் காலத்தை இப்படி நிர்ணயிக்க முடியாது என்பதே என் அபிப்பிராயமும். ஆனால், காவியத்தில் வரும் ஒரு வெள்ளிக்கிழமைக்காக இத்தனை பிரயாசைப்பட்ட ஒரு மனிதரை நினைக்கும்போது, மாதத்தையே தப்பாக எழுதிய எனக்குக் காது சுடுகிறது.

ஆனி மாதத்துக்கு எதுவும் வைக்கவில்லை. மெதுவாகப் படிக்கிறவனுக்கு ஒரு மாதம் சலுகை வேண்டும்.

கடைசியாகப் பரிபாடல். அது வெள்ளத்தின் நூல். வேனிலுக்குப் பொருந்தாது என்று தமிழ் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெரிந்துதான் சேர்த்தேன். பழைய கணக்குப்படி பரிபாடல் எழுபது. அவற்றில் வையையைப் பற்றியவை மட்டும் இருபத்தாறு. முழுதாக நமக்குக் கிடைத்த இருபத்திரண்டில் வையைப் பாட்டு எட்டு. அழகர் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கும் இந்த நாளில், ஏ.வி. பாலத்தின்மேல் நின்று கீழே மணலைப் பார்க்கும்போது, காணாமற்போன அந்தப் பதினெட்டுப் பாட்டும் எனக்கு நினைவு வருகிறது. இருக்கிற எட்டையாவது படித்துவிடலாம்.

பட்டியலைத் தனித் தாளில் எழுதாமல், இந்தத் தடவை அந்தத் தபால் கார்டின் ஓரத்திலேயே பொடி எழுத்தில் எழுதினேன். பெரியவருக்கும் ஒருவழியாகப் பதில் போட்டேன். பிழையை அடுத்த பதிப்பில் திருத்துவதாகவும், பௌர்ணமியன்று படிக்கத் தொடங்குவதாகவும், ஆடியில் நேரில் வந்து பார்ப்பதாகவும் எழுதியிருந்தேன்.

நான்காம் நாள் மறுமொழி வந்துவிட்டது. "ஆடி அஷ்டமி வெள்ளிக்கு வாருங்கள். கொலைக்களக் காதையை மட்டும் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம். இங்கே கொண்டுவாருங்கள், இருவருமாகப் படிக்கலாம். எனக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை."