படி, பங்கீடு, உரிமை

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர் பலருக்கு ஊரிலே ஒரு குடும்ப அட்டை உண்டு. அதில் அவர்தம் பெயரும் உண்டு. அந்த அட்டைக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு இருக்கிறது. பசித்தவனுக்கு அரசாங்கம் தானியம் கொடுப்பது கருணையா, கடமையா என்ற வினாவைச் சுற்றியே அவ்வரலாறு நடந்திருக்கிறது. அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அது மூன்று தமிழ்ச் சொற்களுள் அடங்கிவிடுவதாகத் தோன்றுகிறது.

முதற் சொல் 'படி'. படியளப்பவன் பெரியவன், அவன் அளப்பதை வாங்கிக்கொள்பவன் அளவைக் குறித்துப் பேச இயலாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சத்தின்போது, இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக 1877-ல் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று வரையறுத்தார். ராத்தல் என்பது இன்றைய கணக்கில் சுமார் 450 கிராம். உழைக்கும் உடல் இவ்வளவு கொண்டு தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். மருத்துவருக்கும் நிர்வாகிக்கும் நடந்த அந்த வழக்கில், மண் சுமந்தவனை எவரும் கேட்கவில்லை. 1880-ஆம் ஆண்டின் பஞ்சக் கமிஷனும், அதன் வழிவந்த 1883-ஆம் ஆண்டுப் பஞ்ச விதித் தொகுப்பும் நிவாரணத்தை அரசின் கடமையென ஒப்புக்கொண்டன. எனினும் கொடுப்பவனுக்கே அவை விதி. பெறுபவன் கையில் ஆவணம் ஏதுமில்லை.

இரண்டாம் சொல்லாகிய 'பங்கீடு' யுத்த காலத்தில் வந்தது. உள்ள தானியத்தைச் செல்வரும் வறியரும் ஒரே அளவாகப் பகிர்ந்துகொள்வது என்பது அதன் பொருள். சர் தியோடர் கிரெகரி தலைமையில் அமைந்த உணவுத் தானியக் கொள்கைக் குழு 1943-ல், இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் பங்கீடு வேண்டுமென்றது. ஆனால் நகரத்தில் பதிவானவனுக்கே அட்டை. அதே ஆண்டு வங்கக் கிராமங்களினின்று கல்கத்தா வீதிகளுக்கு வந்து விழுந்தோரைத் திருப்பியனுப்புவதற்கென்றே ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. அப்பஞ்சத்தில் மாண்டோர் சுமார் 15 இலட்சம் என்று விசாரணைக் கமிஷன் கணக்கிட்டது. 30 இலட்சம் வரை இருக்கலாமெனப் பின்வந்த ஆய்வாளர் சிலர் கருதுவர். பசி ஊரறியாது, அட்டையோ ஊரன்றி வேறொன்றும் அறியாது. இந்த முரண்பாடு அன்று தோன்றி, முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது.

சுதந்திரத்துக்குப்பின் கட்டுப்பாடு போவதும் வருவதுமாக இருந்தது. 1947 இறுதியில் காந்தியடிகளின் வற்புறுத்தலால் தளர்த்தப்பட்டது, 1948-ல் மீண்டது. சென்னை ராஜ்யத்தில் 1952-ல் முதலமைச்சர் ராஜாஜி அதை அகற்றினார். 1965-ல், சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராயிருக்கையில், இந்திய உணவுக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிற்று. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சையில் அமைந்ததை இங்கே சற்றுப் பெருமையுடனேயே குறிப்பிடுகிறோம்.

அரசியல் சாசனம் 1950-லேயே இரு வாக்குகள் அளித்திருந்தது. இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கலாம் என்றது 19-ஆம் விதி. மக்களின் ஊட்டத்தை உயர்த்துவது அரசின் கடமை என்றது 47-ஆம் விதி. முன்னது நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடியது. பின்னது வழிகாட்டும் நெறி மட்டுமே. ஆகவே வேலை தேடித் தில்லிக்கோ பம்பாய்க்கோ சென்றவன் வாழும் உரிமையை உடன் எடுத்துச் சென்றான். அரிசியை ஊரிலே விட்டுச் சென்றான்.

'உரிமை' என்ற மூன்றாம் சொல் மெல்லவே வந்தது. 2001-ல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், உணவுத் திட்டங்களைச் சட்டபூர்வமான உரிமைகளாகக் கருதி ஆணைகள் பிறப்பித்தது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோவும், அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோவும் உரியதென வகுத்தது. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில், அட்டை ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலுமாக நின்றதன் கொடுமையை நெடுஞ்சாலைகளில் நாடே கண்டது. 2019-ல் நான்கு மாநிலங்களில் தொடங்கியிருந்த 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை'த் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் அஸ்ஸாமும் சேர, நாடு முழுமையும் அதன்கீழ் வந்தது.

இத்திட்டத்தின் நடைமுறையை நேயர்கள் செவ்வனே அறிந்திருத்தல் வேண்டும். அட்டையுடன் ஆதார் எண் இணைந்திருந்தால், தங்கியிருக்கும் ஊரின் நியாய விலைக் கடையில் விரல் ரேகையைப் பதித்துத் தம் பங்கைப் பெறலாம். ஊரிலுள்ள குடும்பத்தார் எஞ்சிய பங்கை அங்கேயே வாங்கலாம். புழுங்கலரிசிதான் வேண்டுமென்று கேட்பதற்கில்லை. அந்தந்த ஊர்க் கடையில் உள்ள தானியமே கிடைக்கும். இன்னொன்று: தமிழ்நாடு எல்லார்க்கும் அட்டை வழங்கும் மாநிலம். ஆயினும் மத்தியச் சட்டத்தின்கீழ் வரும் முன்னுரிமை அட்டையும் அந்தியோதயா அட்டையுமே எல்லை கடந்து செல்லும். முன்னுரிமையற்ற அட்டைக்கு வெளி மாநிலக் கடையில் தானியம் இல்லை. மாநில அரசு தன் செலவில் தரும் பருப்பும் பாமாயிலும் இன்றளவும் ஊர்க் கடையிலேயே இருக்கின்றன.