திண்ணைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் – பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் ஒரு பழைய கதை

முன்னுரை:

"ஒரு கூடையில் 48 மாம்பழங்கள் இருந்தன. அதில் கால் பங்கு அழுகிவிட்டது. மீதியை 9 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை?" பிள்ளை இந்தக் கணக்கோடு அம்மாவிடம் வருகிறது. "எனக்கு என்ன தெரியும், டீச்சரிடமே கேட்டுக்கொள்" என்று பதில் வருகிறது. அதே அம்மா மறுநாள் சந்தையில் சின்ன வெங்காயம் விற்கிறார். கிலோ 44 ரூபாய் என்றால் இரண்டேகால் கிலோவுக்கு 99 ரூபாய் என்று காகிதமும் பேனாவும் இல்லாமல் சொல்லிவிடுகிறார். கணக்குத் தெரிந்த ஒருவர் தனக்குக் கணக்கே தெரியாது என்று எப்போது நம்பத் தொடங்கினார்? இதற்கு விடை வரலாற்றில்தான் இருக்கிறது.

திண்ணைப் பள்ளிக் காலம்:

பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தவை. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் (1855-1942) இளமையில் இந்த மண்ணில்தான் அலைந்து தமிழ் கற்றார். அரியலூரில் சடகோபையங்காரிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்டார். 1940ல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய "என் சரித்திரம்" அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிகளையும் நம் கண்முன் நிறுத்துகிறது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். பிறகு ஓலைக்கு வந்தார்கள். மாலையில் வீட்டுக்கு விடும்போது ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர் என்று பெயர்களைச் சொல்லி அனுப்புவார் உபாத்தியாயர். மறுநாள் அதை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும்.

கணக்குப் பாடம் நான்கு பகுதியாக இருந்தது. பொன்னிலக்கம் என்பது எண்களும் பின்னங்களும். நெல்லிலக்கம் என்பது தானிய அளவுகள். எண்சுவடி என்பது வாய்ப்பாடு. குழிமாத்து என்பது நிலம் அளக்க உதவும் பெருக்கல். இவை எல்லாமே மனப்பாடம்தான். ஒன்றுக்குக் கீழே அரை, கால், அரைக்கால், மாகாணி (16ல் ஒன்று), மா (20ல் ஒன்று), காணி (80ல் ஒன்று) என்று இறங்கி முந்திரியில் வந்து நிற்கும். இன்று ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி என்றால் தோப்பில் காய்ப்பது. அன்று பள்ளிப் பிள்ளைக்கு முந்திரி என்றால் 320ல் ஒன்று.

பெற்றோர் உதவ முடிந்தது ஏன்?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. பிள்ளை ஓலையில் படித்த அளவுகள்தான் வீட்டில் புழங்கின. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். இது பாடம் மட்டுமல்ல, அடுக்களையிலும் களத்துமேட்டிலும் நடந்த வேலை. கூலியும் நெல்லாகவே அளந்து கொடுக்கப்பட்டது. எழுத்துத் தெரியாத தாய்கூட, பிள்ளை "நாலு உழக்கு ஓர் உரி" என்று சொன்னால் உடனே திருத்திவிடுவாள்.

வீட்டில் கற்பது சிறிய விஷயமும் அல்ல. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822ல் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். மாகாணம் முழுவதும் சுமார் 12,500 பள்ளிகள் இருப்பதாகத் தெரிந்தது. சென்னை நகரில் மட்டும் பள்ளியில் படித்தவர்கள் சுமார் 5,500 பேர். வீட்டிலேயே படித்தவர்களோ சுமார் 27,000 பேர்!

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பெண் குழந்தைகள் திண்ணைக்கு வந்தது மிக அரிது. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமே இல்லை. பிரம்படியும் கடுமையாக இருந்தது. அளந்து கொட்டிய கை ஒருவருடையது, கணக்கு எழுதிய கை இன்னொருவருடையது.

அறுந்துபோன கயிறு:

ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிகளில் திண்ணைக் கணக்கு மெல்ல ஒதுங்கியது. தமிழ் எண்களும் மாகாணியும் முந்திரியும் பாடப்புத்தகத்தை விட்டுப் போயின. சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு பெரிய மாற்றங்கள் ஒரே சமயத்தில் வந்தன.

ஒன்று, காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் (1954-1963) கிராமந்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956ல் மதிய உணவும் தொடங்கியது. பள்ளி வாசலையே மிதிக்காத குடும்பங்களின் பிள்ளைகள் முதன்முறையாகப் பலகையும் கையுமாக உள்ளே நுழைந்தார்கள். இது மகத்தான மாற்றம் என்பதில் சந்தேகமே இல்லை.

இரண்டாவது, 1957 ஏப்ரல் 1 முதல் 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசா கொண்ட ரூபாயாக மாறியது. அதைத் தொடர்ந்து படி போய் லிட்டரும், சேர், வீசை போய்க் கிலோவும் வந்தன. பள்ளிக்கு இது எளிமை. பெற்றோருக்கோ தெரிந்த கணக்கெல்லாம் ஒரே நாளில் பழங்கணக்கு ஆகிவிட்டது. அப்பாவுக்கு அணாவில் வரும் விடை பிள்ளைக்குப் பைசாவில் வேண்டியிருந்தது. "அதெல்லாம் இப்ப கிடையாதுப்பா" என்று பிள்ளை சொன்ன அன்றே பெற்றோர் பின்வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

2011 கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 62 சதவீதம், பெரம்பலூரில் சுமார் 66 சதவீதம். எழுத்து தெரியாத தாய்க்குக் கணக்கும் தெரியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் அவளே அப்படி நினைத்துக்கொண்டாள்.

உலகம் கண்டுபிடித்தது:

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களை ஆராய்ந்து 1985ல் ஒரு கட்டுரை வெளியானது. விற்கும் இடத்தில் கேட்டபோது 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்கை வெறும் எண்களாகக் காகிதத்தில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. 2025ல் "நேச்சர்" இதழில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் டெல்லி, கொல்கத்தா சந்தைப் பிள்ளைகளைப் பற்றி இதையே எழுதினார்கள். சந்தைப் பிள்ளைக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. நடுவில் பாலம் இல்லாததுதான் குறை.

மீண்டும் வீட்டு வாசலில்:

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அப்போது தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தைக் கொண்டுவந்தது. மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2022ல் "எண்ணும் எழுத்தும்" வந்தது. ஒருவகையில் திண்ணை மறுபடியும் திரும்பி வந்தது, இந்த முறை எல்லோருக்குமாக.

பெற்றோர் செய்யக்கூடியது என்ன? விடையைச் சொல்லிக் கொடுப்பது அல்ல, கேள்வி கேட்பதுதான். "கூடையில் எத்தனை இருந்தது? கால் பங்கு போனால் எவ்வளவு போச்சு? மிச்சத்தை யாருக்குக் கொடுக்கணும்?" இதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. மாம்பழத்துக்குப் பதில் 48 புளியங்கொட்டையைத் தரையில் பரப்பி நாலு குவியலாகப் பிரித்தால் போதும். ஒரு குவியலைத் தள்ளிவிட்டால் மீதி 36. ஒன்பது பேருக்கு ஆளுக்கு நான்கு.

காரிநாயனாரின் "கணக்கதிகாரம்" ஒரு விதி சொல்கிறது. பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை எத்தனை என்று தெரியுமாம். அது பொருந்துகிறதா இல்லையா என்று ஒரு பழத்தை அறுத்து, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம். விதி தோற்றாலும் அன்று கணக்கு ஜெயித்துவிடும்.

முடிவுரை:

இந்த வட்டாரத்தில் கணக்கு எப்போதும் வீட்டில் இருந்தது. அளவுகள் மாறின, புத்தகங்கள் மாறின, பெற்றோரின் தைரியம்தான் குறைந்தது. ஆகவே, பிள்ளை நோட்டோடு வரும்போது "எனக்குத் தெரியாது" என்று சொல்லாமல் "படிச்சுக் காட்டு, சேர்ந்து பார்ப்போம்" என்று சொன்னாலே போதும். பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.