மட்காவிலிருந்து கைபேசி வரை

முனைவர் பட்ட ஆய்வுக்காக, காணொளி விளையாட்டு அடிமைத்தனத்தை அளக்கும் வினாநிரல் ஒன்றைத் தாராவி இளைஞர்களுக்கெனத் தமிழாக்கி வருகிறேன். மொழிபெயர்ப்புச் சிக்கல் என்று தொடங்கியது, இந்நகரின் வரலாற்றுக்குள் கொண்டுபோய் விட்டது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறும் விளையாட்டுக் கோளாறும் அடுத்தடுத்த எண்களில் நிற்கின்றன. மும்பையை அறிந்தோர்க்கு இவ்வண்மை வியப்பளிக்காது. நியூயார்க் பருத்திச் சந்தையிலிருந்து வந்த தொடக்க விலை, இறுதி விலை ஆகியவற்றின்மீது இங்கே பந்தயம் கட்டினர். 1961இல் அவ்விலை வரவு நின்றது. கல்யாண்ஜி பகத் 1962இலும் ரத்தன் கத்ரி 1964இலும் பருத்தியை விட்டுவிட்டு வெற்று எண்களை வைத்தே ஆட்டத்தை நடத்தினர். எண் சீட்டுகளைப் போட்டெடுத்த பானையே அதற்கு ‘மட்கா’ என்னும் பெயரைத் தந்தது. (கும்பார்வாடாக் குயவர்களுக்கு அச்சொல் இன்றும் வெறும் பானைதான்.) பரேல் ஆலைப் பகுதியெங்கும் முகவர்கள் கடை விரித்தனர். சிறு தொகை போதும். வேலைக்குப் போகும் வழியிலேயே கட்டலாம். முடிவு விரைவில் தெரிந்துவிடும். தோற்ற தொழிலாளியின் பேராசையைப் பழிப்பது எளிது. அவனைப் பிடித்து நிறுத்தியது இந்த அமைப்பு.

இன்றைய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சுட்டும் இடர்க்காரணிகள் ஆணாயிருத்தல், உந்துதலை அடக்கவியலாமை, மனச்சோர்வு, தனிமை ஆகியவை. எல்லாம் ஆடுபவனைப் பற்றியவை. இவை பொய்யல்ல, எனினும் எவ்வகை வீட்டை மனத்தில் கொண்டு இவை அளக்கப்படுகின்றன என்பதே என் ஐயம். அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013இல் முன்வைத்த ஒன்பது அளவுகோல்களுள் ஒன்று, ஆடும் நேரம் குறித்து வீட்டாரிடம் பொய் சொல்லுதல். ஒரே அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் யாரிடம் எதை மறைப்பது? ‘தனிமை’ என்னும் சொல்லோ இன்னும் சிக்கலானது. மாட்டுங்கா விடுதி மாணவனுக்கும் செம்பூர் அடுக்ககத்து இளைஞனுக்கும் அது துயரமாக இருக்கலாம். தாராவிச் சந்தில் அது ஒருவன் ஏங்கும் பொருள். காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு ஆடும் நேரமே அவனுக்குக் கிடைக்கும் தனியறை.

2016இல் இணையத் தரவின் விலை சரிந்தது. 2018இல் வந்த பப்ஜி, 2020 செப்டம்பரில் 118 செயலிகளுள் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டது. ஆட்டத்தின் பெயர்கள் மாறின. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டி மாறவில்லை. பெல்ஜியம் 2018இலேயே அதைச் சூதாட்டமாகக் கொண்டது. பானைக்கும் இதற்கும் வேறுபாடு வேகத்தில்தான்.

ஆகவே வினாநிரலில் பத்தாவதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன். நெறியாளர் இன்னும் ஒப்பவில்லை. ‘உங்கள் வீட்டில் நீங்கள் தனியே இருக்கக்கூடிய இடம் எது?’